விறகு மிஷின் விற்பனைக்கு

வாங்க தம்பி, வாங்க. அறந்தாங்கில இருந்தா வர்றீக? அம்புட்டுத் தொலைவா? செருப்பைக் கழட்டிராதீக, இது கோயில் இல்ல, விறகு டிப்போ. எங்க பாத்தாலும் கருவை முள்ளு கெடக்கும். அதுக்கு உள்ளூரு ஆளு வெளியூரு ஆளுங்கிற பாகுபாடெல்லாம் தெரியாது. இந்தக் கட்டில்ல ஒக்காருங்க. வில்லாயுதம்ங்கிறது நான்தான். உங்ககிட்ட போன்ல பேசுனது நான் இல்ல, என் மச்சான் மங்களநாதன். என் சம்சாரத்துக்குக் கூடப்பொறந்த அண்ணன். மிஷினைப் படம் புடிச்சு, போன்ல ஏத்தி, கீழ 'விற்பனைக்கு'ன்னு எழுதி, ஊரு ஒலகத்துக்கெல்லாம் அனுப்புனது அவருதான். என் மிஷினை விக்கிறதுல என்னைய விட அவருக்குத்தான் அக்கறை ஜாஸ்தி. அப்படி ஒரு மச்சான் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

அந்தா நிக்கிது பாருங்க, மஞ்சக் கலர்ல. அவசரப்படாதீக, டீ சொல்லியிருக்கேன், வரட்டும். மிஷின் எங்கயும் ஓடிப்போகாது. ஓடிப்போற மிஷினா இருந்தா எனக்கு ஏன் இந்தப் பாடு?

ஏன் விக்கிறேன்னு கேக்குறீக. நியாயமான கேள்விதான். வெளிய விசாரிச்சா ஆயிரம் சொல்லுவாக, நான் ஒரே வார்த்தைல சொல்றேன். எங்க வீட்ல பூங்காவனம், அதான் என் சம்சாரம், பொங்கலுக்கு முன்னாடி அண்ணன் வீட்டுக்குப் போனவ இன்னும் வரலை. போறப்ப அந்த வாசப்படில நின்னு, "ஏங்க, இந்த மிஷின் இங்கயிருந்து போனா எனக்குப் போன் பண்ணுங்க, அடுத்த பஸ்ஸுல வந்துர்றேன். அது வரைக்கும் என்னையத் தேடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. வேற ஒண்ணும் இல்ல. கோவத்துல சொன்னதுதான். ஆனா அவ இல்லாம இங்க தராசு பக்கம் ஒக்கார ஆளு இல்ல, நேரத்துக்கு சோறு இல்ல, வீட்டுல வெளக்குப் போட ஆளு இல்ல. அதனால வித்துரலாம்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். நீங்க எடுத்துக்கிட்டீகன்னா சாயங்காலத்துக்குள்ள அவ வந்துருவா. அம்புட்டுதான் சங்கதி.

என்னது, மிஷின்ல என்ன கொறையா? தம்பி, அந்த மிஷின்ல ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் அதைச் சுத்தி இருந்த ஆளுகள்ட்ட. சொல்றேன் கேளுங்க.

எங்க ஊர்க் கண்மாய் பெரிய கண்மாய். அதுல தண்ணி நிக்கிறது வருசத்துல கொஞ்ச நாளு, கருவை நிக்கிறது வருசம் பூரா. கண்மாய்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். அந்தக் கருவையை ஊர்க்கூட்டம் போட்டு ஏலம் விடுவாக. எடுத்தவுக மழைத்தண்ணி வர்றதுக்குள்ள வெட்டி, கரைக்கு மேல ஏத்திரணும். தண்ணி வந்துட்டா உள்ள கெடக்குற விறகு ஊருக்குச் சொந்தம், ஏலம் எடுத்தவன் வாயப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதான் எங்க வழக்கம். போன ஆடில நானும் மச்சானும் சேந்து எடுத்தோம். வெட்டுறது மச்சான் பொறுப்பு. விக்கிறது என் பொறுப்பு. தராசுக்கும் ஆளுகளுக்கும் பூங்காவனம். சூளைக்காரன், கல்யாண மண்டபம், புரோட்டாக் கடைன்னு எல்லாரும் அவகிட்டதான் வந்து நிப்பாக, என்கிட்ட வணக்கம் மட்டும் சொல்லுவாக.

ஆளு வச்சு வெட்டிக் கட்டுப்படியாகலை. வெட்டுறவன் காலைல வந்தா வெயில் ஏறுறதுக்குள்ள போயிர்றான், கேட்டா முள்ளுங்கிறான். சரி, மிஷின் வாங்கிருவோம்னு பேச்சு வந்துச்சு. மச்சான் ஒரு யோசனை சொன்னாரு. என்ன யோசனை தெரியுமா? பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கணுமாம். அதுக்குப் பின்னாடி இரும்பு வடம் சுத்துற உருளை மாட்டணுமாம். வின்ச்சுங்கிறாக அதை. டிராக்டரைக் கரை மேல நிப்பாட்டிட்டு, வடத்தை உள்ள இழுத்துட்டுப் போய் மரத்துல கட்டி, சகதியா இருந்தாலும் முள்ளா இருந்தாலும் அப்படியே கரைக்கு இழுத்துரலாமாம். கையில புடிச்சு அறுக்குற மிஷின் ரெண்டு. இங்க டிப்போவுல, டிராக்டர் பெல்ட்டுலயே ஓடுற வட்ட ரம்பம் ஒண்ணு. "நம்ம கஷ்டம் பிளக்குறதுல இல்ல மாப்ள, வெளிய கொண்டாரதுலதான்"னாரு.

கேட்டீகளா, எவ்வளவு சின்ன யோசனை! வடமாம், உருளையாம். எங்க தாத்தன் கிணத்துல கமலை கட்டி எறைச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மாட்டுக்குப் பதிலா டிராக்டரு.

அப்பக்கூட நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா அந்த வாரமே ஒரு காதுகுத்து. பந்தில ஒக்காந்து இருக்கோம், வர்றவன் போறவனெல்லாம், "வின்ச்சு போடப் போறீகளாமே, வெவரம்னா மங்களநாதனுக்குத்தான்"ங்கிறான். எலைல சோத்தை வச்சுக்கிட்டு இதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும் நான். பொறாமைப்பட்டேன்னு நெனைச்சுராதீக, எனக்கு அந்தக் கொணமே கெடையாது. அவரு சொன்னாருங்கிறதுக்காக நான் அதை வேணாம்னு சொல்லலை. அவரு சொன்னதை ஊரே சரின்னு சொல்லுச்சு பாருங்க, அதுலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு.

அப்பதான் இந்த மிஷினோட படத்தைப் பாத்தேன். போன்லதான். ஒரு பக்கம் மரத்தைப் போடுறாக, அது தானா உருண்டு உள்ள போகுது, தானா அறுக்குது, தானா நாலாப் பிளக்குது, தானா ஓடுற ரப்பர் பட்டைல ஏறி லாரில விழுகுது. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரன் தொப்பி போட்டுக்கிட்டு சும்மா நிக்கிறான். எனக்கு அந்த மிஷினை விட அந்த ஆளு நின்ன நிலைதான் ரொம்பப் புடிச்சுப் போச்சு. கையில ஒரு அழுக்கு இல்ல. இந்தத் தொழில்ல இப்படியும் ஒருத்தன் நிக்க முடியுமான்னு இருந்துச்சு.

கோயமுத்தூருப் பக்கம் ஒரு கம்பெனி ஷெட்டுல வச்சு ஓட்டிக் காட்டுறாகன்னு கேள்விப்பட்டு, போகலாம்னு முடிவு பண்ணியாச்சு. எங்க பக்கம் பெரிய சாமான் வாங்கப் போறதுன்னா ஒத்தையில போக மாட்டோம். பங்காளி வேணும், சம்பந்தி வேணும், ஊருப் பெரிய மனுசன் ஒருத்தரு வேணும். இல்லைன்னா பின்னாடி பேசுவாக. அதனால ஒரு வேன் புடிச்சேன். சித்தப்பாவுக்கு மிஷின்னா மாவு மிஷின் மட்டும்தான் தெரியும், அவரை முன் சீட்டுல ஒக்கார வச்சேன். சம்பந்தி சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு, அப்படியே மருதமலை பாத்துரலாம்னு. பழைய பிரசிடெண்டு ஏறுனதும் தூங்கிட்டாரு. தட்டுல பழம், வெத்தலை பாக்கு, ஒரு சால்வை. மச்சானும் வந்தாரு, கடைசி சீட்டுல. அவரு எப்பவும் அப்படித்தான், தன்னடக்கமா இருக்குற மாதிரியே இருப்பாரு.

வேன் கெளம்பப் போகுது, பூங்காவனம் ஓடியாறா. ரெண்டு கையிலயும் கருவைக் கட்டை. வளைஞ்சு நெளிஞ்சு, கொம்பும் கிளையுமா, நம்ம கண்மாய்க் கட்டை. "ஏங்க, இதுல நாலைப் பின்னாடி போட்டுக்கங்க. அங்க போய் இதை உள்ள விட்டுக் காட்டச் சொல்லுங்க. இது உள்ள போகுதான்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க"ங்கிறா. மச்சான் வேற, "நல்ல யோசனைதான்"ங்கிறாரு பின்னாடி இருந்து.

தம்பி, நீங்களே சொல்லுங்க. சம்பந்தியம்மா பட்டுச் சேலைல ஒக்காந்திருக்காக. தட்டுல ஆப்பிள் இருக்கு. அவ்வளவு பெரிய கம்பெனி வாசல்ல நான் போய், கக்கத்துல நாலு கோணக்கட்டையோட எறங்குனா என்ன நெனைப்பாக? விறகு விக்க வந்திருக்கான்னு பின் வாசலுக்குப் போகச் சொல்லிற மாட்டாகளா? "நாம மொதலாளியாப் போறோமா, விறகுக்காரனாப் போறோமா"ன்னு கேட்டேன். "நாம விறகுக்காரவுகதானங்க"ங்கிறா. கதவைச் சாத்தச் சொல்லி வண்டியை எடுக்கச் சொல்லிட்டேன். அவ கட்டையைக் கையில வச்சுக்கிட்டே நின்னா, கண்ணாடில பாத்தேன்.

அங்க போனா, என்ன உபசாரம்ங்கிறீக! எளநீ குடுத்தாக. டை கட்டுன ஒருத்தரு என்னைய 'சேர்மன் சார்'ங்கிறாரு, நானும் வேணாம்னு சொல்லலை. ஷெட்டு ஓரத்துல கட்டை அடுக்கி வச்சிருந்தாக பாருங்க, அப்படி நேரா ஒரு மரத்தை நான் எங்க ஊர்ல பாத்ததே இல்ல. ஒவ்வொண்ணும் கரண்டுக் கம்பம் மாதிரி. பட்டனைத் தட்டுனாரு. விர்ருன்னு ஒரு சத்தம், அடுத்த நிமிசம் விறகு விறகாக் கொட்டுது. சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. சம்பந்தி, "இது பச்சைக் கலர்ல வருமா"ன்னு கேட்டாரு. சம்பந்தியம்மா, "சத்தம் கம்மியா வர்ற மாதிரி ஒண்ணு இருக்கா"ன்னு கேட்டாக. முழிச்சுக்கிட்ட பிரசிடெண்டு, "கெவர்மெண்டு மானியம் உண்டா"ன்னாரு. மச்சான் மட்டும் கட்டை அடுக்குக்கிட்ட போயி குனிஞ்சு பாத்துட்டு, "வளைஞ்ச கட்டை எதும் இருக்கா, ஒண்ணு போட்டுக் காட்டுங்க"ன்னாரு. டை கட்டுனவரு சிரிச்சுக்கிட்டே என்னையப் பாத்தாரு. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய, விருந்துக்குப் போன எடத்துல பழைய சோறு கேட்டா வெக்கமா இருக்குமா இல்லையா? சால்வையை அவருக்குப் போத்தி, அங்கயே பேசி முடிச்சுட்டேன். திரும்பி வர்றப்ப மருதமலைல மச்சான் எல்லாருக்கும் முன்னாடி ஏறிப் போயி எறங்கி வந்துட்டாரு.

மிஷின் வந்த அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். ரோட்டுல இருந்து இது வரைக்கும் ஃபிளெக்ஸு. அதுல என் படம் பெரிசா, மிஷின் படம் கீழ சின்னதா. நான் சொல்லலை, அடிச்சவன் பாசத்துல அப்படி அடிச்சுட்டான். பூசணிக்கா சுத்தி ஒடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, எல்லாரும் சுத்தி நிக்கிறாக. கண்மாய்க் கட்டையைத் தூக்கிப் போட்டோம். உருண்டுச்சா? உருளலை. கருவை எங்க உருளும்? கொம்பு ஒரு பக்கம் மாட்டுது, நெளிவு ஒரு பக்கம் முட்டுது. ரெண்டு பேரு தள்ளி உள்ள விட்டாக. கடக்குன்னு ஒரு சத்தம், நின்னு போச்சு. எடுத்துட்டு இன்னொண்ணு போட்டோம். அதுவும் மாட்டிக்கிச்சு. அதை எடுக்க மூணு பேரு, கடப்பாரையோட. அறுக்குறதுக்கு வாங்குன மிஷின்ல இருந்து கட்டையை வெளிய எடுக்குறதுக்கு ஆளு வச்ச ஒரே டிப்போ எங்க டிப்போதான். சித்தப்பா அன்னைக்கும் கையெடுத்துத்தான் கும்பிட்டாரு, ஆனா எதுக்குன்னு நான் கேக்கலை.

கம்பெனில இருந்து மெக்கானிக்கு வந்தாரு. கட்டையைப் பாத்தாரு, மிஷினைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "சார், மிஷின்ல பழுது இல்லை"ன்னாரு. பெறகு எதுலன்னேன். "கட்டைல"ன்னாரு. பாத்தீகளா? நான் அப்பவே சொன்னேன்ல, மிஷின்ல கொறை இல்லைன்னு, படிச்ச மனுசனே சொல்லிட்டாரு. "மிஷினுக்கு நேர்க்கட்டை வேணும் சார், இந்த மரம் ஆகாது"ன்னாரு. கண்மாய்க்குள்ள எறங்கி, 'இனிமே எல்லாரும் நேரா வளருங்கய்யா'ன்னு கருவைக்குப் புத்தி சொல்லச் சொல்றாரா? ஆனாலும் ஏதோ ஒரு பல்லு மாத்துனா சரியாகலாம்னு, போறப்ப ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டுப் போனாரு. நான் அதைப் புடிச்சுக்கிட்டேன். பல்லு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஆவணி போச்சு, புரட்டாசி போச்சு. கண்மாய்க்குள்ள வெட்டுன விறகு அம்பாரமாக் கெடக்கு, இங்க மிஷின் பல்லில்லாம நிக்கிது.

மச்சான் வந்து, "மாப்ள, வாடகைக்காவது ஒரு வின்ச்சு டிராக்டரைப் புடிச்சு வெளிய இழுத்துருவோம், மேகம் கட்டியிருக்கு"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! சொந்தமா மிஷின் வச்சிருக்குறவன் வாடகை டிராக்டரு புடிச்சா, ஃபிளெக்ஸு அடிச்ச மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது? நானும், "பொறுங்க, பல்லு வருது"ன்னேன்.

மழை பொறுக்கலை. ஐப்பசில கொட்டுச்சு பாருங்க, பத்து வருசமா வராத தண்ணி, எங்க ஏலத்துக்குன்னே வந்த மாதிரி. காலைல கண்மாய்க்குள்ள முட்டளவு, மத்தியானம் இடுப்பளவு. அன்னைக்குன்னு பாத்து மெக்கானிக்கு பல்லைக் கொண்டாறேன்னு போன் பண்ணிட்டாரு. அவரைக் கூட்டியார நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். ஒரு ஆளை வரச் சொல்லிட்டு நிக்க வைக்கலாமா? பஸ்ஸு மழைல லேட்டு. நானும் நிழற்குடைல நின்னு நாலு டீ குடிச்சேன்.

இங்க என்ன ஆச்சுன்னா, மச்சான் என்னையக் கேக்காமலே வாடகை டிராக்டரோட வந்துட்டாரு. கரை மேல நிப்பாட்டி வடத்தை உள்ள விட்டிருக்காரு. வடத்தைக் கொண்டுபோய்க் விறகுக் கட்டுல மாட்ட ஆளு வேணுமே? கூலிக்காரன் ஒருத்தனும் எறங்கலை, தண்ணிக்குள்ள முள்ளு எங்க இருக்குன்னு தெரியாதுன்னுட்டான். பூங்காவனம் எறங்கிட்டா. சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, இடுப்பளவு தண்ணில, ஒவ்வொரு கட்டா வடத்தை மாட்டி மாட்டி, சாயங்காலம் வரைக்கும். பாதி விறகு வெளிய வந்துருச்சு. மீதி பாதி ஊருக்குப் போச்சு. நான் இல்லைங்கலை, அந்த வாடகை டிராக்டரு அன்னைக்கு ஏதோ இழுத்துச்சு. அதுக்காக அதைத் தூக்கி வச்சு ஆடணுமா? ஊர்ல இன்னைக்கும் ஆடுறாக.

அதுல அவ கால்ல முள்ளு ஏறிருச்சு. முள்ளு ஏறாத காலு இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? பிடுங்கிப் போட்டுட்டு மஞ்சள் வச்சுக்குவோம். ஆனா அவளுக்குச் சக்கரை இருக்கு. காலு வீங்கி, சீழு வச்சு, மதுரைல கொண்டுபோய்ச் சேத்தா, சுண்டு விரலை எடுத்துட்டாக. ஆபரேசன் நடக்குறப்ப நான் வராந்தாவுல நின்னேன் தம்பி. பொய் சொல்ல மாட்டேன், குலசாமிக்கு ஒரு கெடா நேந்துக்கிட்டேன். மச்சான் பக்கத்துல நின்னாரு. ஏதாவது ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நானும் ரெண்டு பதில் சொல்லியிருப்பேன், சரியாப் போயிருக்கும். சும்மாவே நின்னாரு. அந்த மனுசன்ட்ட இதான் எனக்குப் புடிக்காதது. அப்புறம் நானும் யோசிச்சுப் பாத்தேன், சுண்டு விரல்தானே? பெருவிரலா? அதை வச்சா நடக்குறோம்?

வீட்டுக்கு வந்தா. அவளால முன்ன மாதிரி நடக்க முடியலை. மிஷின் நிக்கிற எடத்தைப் பாருங்க, வீட்டுக்கும் தராசுக்கும் நடுவுல. சுத்திக்கிட்டுத்தான் போகணும், சுத்துன பக்கம் பூரா சிராயும் முள்ளும். ஒரு நாளு சுத்துனா, ரெண்டு நாளு சுத்துனா. அப்புறம் மெதுவா, "ஏங்க, இதைக் கழிச்சு விட்டுருங்க"ன்னா. "பல்லு மாத்தியாச்சு, இன்னொரு தடவை வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காக"ன்னேன். சத்தம் போட்டாளா, அழுதாளா? ஒண்ணும் இல்ல. கார்த்திகைல அண்ணன் மகளுக்கு வளைகாப்புன்னு கெளம்பிப் போனவதான். போறப்ப சொன்னதுதான் உங்ககிட்ட மொதல்ல சொன்னேனே.

டீ குடிங்க, ஆறுது. இனிப்பு கம்மியா இருக்கா? அவ இருந்தா வீட்டுலயே போட்டுருப்பா.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீக? ஓட்டிப் பாக்கணுமா? ஓட்டலாமே. என்ஜின் எல்லாம் பக்காவா இருக்கு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சூடம் காட்டி ஸ்டார்ட் பண்ணிருவேன். ஆனா போடுறதுக்கு இங்க கருவைதான் இருக்கு, அதைப் போட்டா... என்னது? வண்டில இருக்கா? வண்டில என்ன இருக்கு? தார்ப்பாயை எடுங்க பாப்போம்.

அட, தைல மரம்! ஒவ்வொண்ணும் கம்பம் மாதிரி நேரா! கட்டையோடயா வந்திருக்கீக? விறகுக் கடைக்கு விறகு சொமந்துக்கிட்டு வந்த ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். உங்க பக்கம் பூரா இதுதான் அறுக்குறீகளா? வெவரமான ஆளுதான் நீங்க. மொதலாளி மாதிரி தெரியலை, ஆனா வெவரம்.

போடுங்க. அந்தச் சட்டத்து மேல வைங்க. கையை எடுத்துக்கங்க. இருங்க, நான்தான் தட்டுவேன்.

பாருங்க! பாருங்க தம்பி, உருளுது! உள்ள போயிருச்சு! சத்தத்தைக் கேளுங்க, கடக்கும் இல்ல மடக்கும் இல்ல. விழுகுது பாருங்க, நாலு துண்டு, அளந்து வச்ச மாதிரி! இன்னொண்ணு போடுங்க. போடுங்க, போடுங்க! யோவ், டீக்கடை! எல்லாரும் இங்க வாங்கய்யா! வில்லாயுதம் ஏமாந்துட்டான்னு சொன்னீகளே, வந்து பாருங்க! யாரு ஏமாந்தது? அந்தப் பட்டைல ஏறிப் போகுது பாருங்க வரிசையா. இதைத்தான் நான் அன்னைக்குப் பாத்தேன். இதைத்தான் வாங்குனேன். என் கண்ணு தப்பாப் பாக்கலை. ஒருத்தரு நம்புனாகளா?

தள்ளி நில்லுங்க, நான் இங்க நின்னுக்குறேன். கையைக் கட்டிக்கிட்டு. இப்ப ஒரு படம் எடுங்க என்னைய. எடுத்தாச்சா? மிஷின் தெரியுதா? நான் தெரியிறேனா?

ஆ? கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க. வெலை பிடிச்சிருக்கா? மச்சான் சொன்ன வெலைக்கே எடுத்துக்குறீகளா? இன்னைக்கே வண்டிக்குச் சொல்லிருவீகளா?

தம்பி, என்ன பேசுறீக நீங்க. ஓடுற மிஷினை யாராவது விப்பாகளா? ஓடாத மிஷினுக்கு வெலை சொன்னாரு என் மச்சான். இது ஓடுது. இது வேற மிஷின். நான் இன்னும் ஒரு பைசா கைநீட்டி வாங்கலையே, பெறகு ஏன் மொகம் இப்படிச் சுருங்குது? கட்டை எங்க கெடைக்கும்னா கேக்குறீக? நீங்கதான் இருக்கீகளே. அறந்தாங்கில இருந்து லாரில தைல மரம் அனுப்புங்க, நான் பிளந்து திரும்ப அனுப்புறேன். எம்புட்டுத் தொலைவு, ஒரு எட்டுதானே. யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கும் மிஷின் வாங்குற செலவு மிச்சம்.

இருங்க, அவளுக்கு ஒரு போனைப் போட்டுர்றேன். மிஷினை நிப்பாட்டாதீக, சத்தம் கேக்கட்டும்.

ஹலோ, பூங்காவனம்? நான்தான். கேக்குதா? இந்தா, போனைக் கிட்டக்கக் கொண்டு போறேன். கேட்டுச்சா? மிஷினு! ஓடுது! தைல மரம் போட்டுருக்கோம், வெண்ணெய் மாதிரி வெட்டுது. நான் சொன்னேனா இல்லையா? உங்க அண்ணன்ட்ட சொல்லு. என்னது, வித்தாச்சாவா? ஏய், எதுக்கு விக்கணும்? அதான் ஓடுதுல்ல. கெளம்பி வா, வந்து கண்ணால பாரு. வந்த ஆளா? இந்தா நிக்கிறாரு, பாவம் ஆசைப்பட்டாரு, குடுக்க மாட்டேன்னுட்டேன். ஆமா. ஆமா, குட்டியானை வண்டிதான். உங்க ஊரு வழியாத்தான் போவாரு. எதுக்குக் கேக்குற? ஓ. சரி. சரி, குடுத்து விடுறேன். கட்டிலுக்கு அடியிலயா? சரி.

வச்சுட்டா. அவளுக்கு எப்பவும் போன்ல நாலு வார்த்தைக்கு மேல பேச வராது.

தம்பி, கோவிச்சுக்காம ஒரு உதவி. நீங்க இளையான்குடி வழியாத்தானே போறீக? ரோட்டு மேலயேதான் மச்சான் வீடு, பச்சைக் கேட்டு. அவ துணிப்பொட்டியைக் குடுத்து விடச் சொல்றா. இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டு வருவா போல, மாத்துத் துணி இல்லாம இருக்கும். இப்படி உள்ள வாங்க, ஒரு கை புடிங்க. இந்தா, இதான். அடேயப்பா, கனமா இருக்கே. தெறந்து பாக்க வேண்டியதே இல்ல, பாருங்க. சேலையெல்லாம் மடிச்சு, ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் ஒரு பையில தனியாப் போட்டு, கயிறு போட்டுக் கட்டி, மேல பேரு கூட எழுதி வச்சுட்டுப் போயிருக்கா, பொங்கலுக்கு முன்னாடியே. எவ்வளவு நேர்த்தியான பொம்பளை பாத்தீகளா? இந்த நேர்த்தி எங்க பக்கம் யாருக்கும் வராது.

பின்னாடி வைங்க. சாயாம வைங்க. அந்த ரோட்டுல பாலத்துக்கிட்ட பள்ளம் ஒண்ணு இருக்கு, பாத்து மெதுவாப் போங்க. அவகிட்ட குடுக்குறப்ப, மிஷின் எப்படி ஓடுச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லிருங்க, நான் சொன்னா நம்ப மாட்டா. அந்தக் கடைசிக் கட்டையை மட்டும் எறக்கி வச்சுட்டுப் போறீகளா? ஒண்ணே ஒண்ணு. ஆளுக வர்றாக பாருங்க, ஓட்டிக் காட்டணும்ல.